இன்று உங்கள் வீட்டில் ஒரு தலை

காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் வாசலில் இருக்கும் அறிமானி தொண்டையைச் செருமும். ஒரு மீட்டருக்கு எதற்குச் செருமல் என்று அதை மாட்டிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் சொல்ல ஆளில்லை. செருமிவிட்டு, "வணக்கம். இன்று உங்கள் வீட்டில் இரண்டு தலை. பங்கு எட்டு யூனிட். உங்கள் முறை ஆறு மணி முதல் ஏழு மணி வரை" என்று சொல்லும். ஆறு அடித்ததும் கிரைண்டரில் அரிசியைப் போட்டு, மாடித் தொட்டிக்கு மோட்டாரைப் போட்டு, வாஷிங் மெஷினையும் திருப்பிவிட்டு, மூன்றும் சேர்ந்து இரைகிற இரைச்சலில் நான் காப்பி குடிப்பேன். இரைகிற பெரிய சாமான்களுக்குத்தான் இந்த முறை; விளக்கு, விசிறிக்கு எந்நேரமும் உண்டு. ஏழு மணியிலிருந்து அடுத்த வீட்டு மிருதுளாவின் முறை. ஒரு நிமிடம் பிந்தினாலும் என் கிரைண்டர் பாதி மாவோடு நின்றுவிடும். அப்படி நின்றுபோன மாவுக்காக நான் மிருதுளாவோடு போட்ட சண்டைகளை வீதியே அறியும்.

சண்டை எனக்குப் புதிதல்ல. இருபத்தெட்டு வருடம் விசைத்தறிக் கூடத்தில் நின்றவள். நாற்பது தறி ஓடும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். தறியை விட்டு வந்த பிறகும் தொண்டை இறங்கவில்லை. பல்லடத்தில் எங்கள் பாவடி வீதிக்குள் வருகிறவர்கள் நிவாஷினி வீடு எது என்று கேட்கவே வேண்டாம், கொஞ்ச நேரம் நின்றால் போதும், சத்தம் வழிகாட்டும் என்று என் வீட்டுக்காரரே சொல்வார்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இந்த முறை ஏற்பாடெல்லாம் பிறந்ததிலிருந்து பழகியது. என் வயதுக்காரர்களுக்குத்தான் முந்திய காலம் தெரியும். அப்போது மின்சாரம் எங்கோ நூறு கல் தொலைவில் பிறந்து கம்பி வழியாக வரும். வீட்டு மீட்டர் எவ்வளவு போனது என்று மட்டும் எண்ணும். யார் எதற்குச் செலவழித்தார்கள் என்று அது கவலைப்படாது. நான் கல்யாணமாகி வந்த வருடம் வெயில் முற்றிப் பெருந்தடை வந்தது. நாற்பது நாள் கம்பியில் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் வீதிக்கொரு மின்கிணறு வைத்தார்கள். எங்கள் வீதி முனையில் இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. உள்ளே ஆளுயர மின்கலங்கள். இருபத்து மூன்று வீட்டு மாடிச் சூரியத் தகடுகளும், ஊருக்கு வெளியே சுற்றும் காற்றாலையில் எங்கள் வீதிக்குரிய பங்கும் பகலெல்லாம் அதில் ஊறும். நாங்கள் இறைத்துக்கொள்வோம்.

எங்கள் பக்கத்தில் ஒரே கிணற்றில் நாலைந்து தோட்டத்துக்காரர்களுக்குப் பங்கு இருப்பது பழைய வழக்கம். இன்ன நாள் இன்னார் முறை என்று மோட்டார் போடுவார்கள். ஒரு தோட்டத்தில் சாவு விழுந்தால் மற்றவர்கள் தங்கள் முறையை மூன்று நாள் விட்டுக்கொடுப்பார்கள். சட்டம் எழுதியவர்கள் அதை அப்படியே எடுத்து மின்கிணற்றுக்கும் வைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்குத் தலைக்கு நான்கு யூனிட் பங்கு. வீட்டில் யாராவது செத்தால் மூன்று நாள் அந்த வீட்டுக்குக் கணக்கில்லாத துக்க மின்சாரம். நான்காம் நாள் செத்தவரின் பங்கை எடுத்து வீதிக்கே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

யார் இருக்கிறார், யார் செத்தார் என்று அறிமானிதான் முடிவு செய்யும். தொடக்கத்தில் வீட்டுக்காரர்களே எழுதிக்கொடுத்தார்கள். எழுதிக்கொடுத்ததில் இறந்துபோன பாட்டன் பூட்டன் எல்லாம் உயிரோடு எழுந்து உட்கார்ந்து பங்கு வாங்கினார்கள். ஆகவே மனிதர் சொல்லை ஏற்பதில்லை என்று ஆனது. ஒவ்வொரு எந்திரமும் மின்சாரத்தை இழுப்பதில் ஒரு நடை உண்டு. மாடிப்படியில் வருவது மாமனாரா மைத்துனரா என்று காலடியிலேயே தெரிகிற மாதிரி, மானி அந்த மின்நடையை வைத்தே உள்ளே ஓடுவது கிரைண்டரா பம்பா என்று சொல்லிவிடும். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி ஓடினால் சாவு. மின்கிணறு வாரியத்தின் கதவில், மனிதன் பொய் சொல்வான், மின்சாரம் சொல்லாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எழுதியவன் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சர்வேஷுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் நூல் மில்லில் பஞ்சு உதறும் பகுதியில் வேலை பார்த்து, அந்தப் பஞ்சில் ஒரு பங்கை நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டு ஓய்வு பெற்றவர். ஐந்து வருடமாக உயிர்வளிச் செறிவி என்கிற எந்திரத்தோடு இருக்கிறார். நாங்கள் அதைக் காத்து மிசின் என்போம். மூக்கில் குழாயோடு நாள் முழுக்க அது ஓட வேண்டும். ஓடினால் எட்டு யூனிட். அதற்காக அவர் பேரில் உயிர்காப்பு என்று தனி எட்டு யூனிட் உண்டு. அது இருக்கும்வரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை காத்து மிசின் நின்றுவிட்டது. ரோஷன் என்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கெட்டிக்காரன், இந்த வட்டாரத்தில் எதை வேண்டுமானாலும் எதிலிருந்து வேண்டுமானாலும் ஓட வைப்பான். மோட்டாரை ஓட்டுகிற போர்டு எரிந்துவிட்டது, அந்த மாடல் இப்போது வருவதில்லை என்றான். தன் கடையில் உடைத்துப் போட்ட ஐஸ் பெட்டியிலிருந்து கழற்றிய போர்டு ஒன்று இருக்கிறது, அதே அளவு, கச்சிதமாக உட்காரும் என்றான். எனக்கு அப்போது அவருடைய மூச்சுதான் முக்கியம். போடப்பா என்றேன். அரைமணி நேரத்தில் மிசின் முன்னைவிட மெதுவாக, நன்றாக ஓடியது. நான் ரோஷனுக்கு வெல்லம் போட்டுப் பச்சைமாவு உருண்டை பிடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை மானி செருமவில்லை. அதன் திரையில் கறுப்புப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. பழுது என்று நினைத்து நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது மிருதுளா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். அவள் பின்னால் நான்கைந்து பேர். ஒருவர் கையில் மாலை. வீதியில் எல்லா மானிகளும், இந்த வீட்டில் துக்கம் என்று சொல்லியிருக்கின்றன. மிருதுளா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபடி உள்ளே வந்தாள். உள்ளே சர்வேஷ் கட்டிலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்.

"வா மிருதுளா, யாரு போயிட்டாங்க?" என்று அவர் கேட்டார்.

அவள் அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் என் தோளிலேயே சிரிக்கத் தொடங்கினாள். மாலை கொண்டுவந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு தலையில் உன்னை விட்டுவிட்டு என்னை எப்படிப் பிடித்தது என்று சர்வேஷ் என்னைக் கேட்டார். பிறகுதான் தெரிந்தது, ரோஷன் போட்ட போர்டால் காத்து மிசின் ஐஸ் பெட்டியின் நடையில் மின்சாரம் இழுத்திருக்கிறது. மருத்துவப் பதிவேட்டில் அவருக்கு நுரையீரல் நோய், எனக்கு ஒன்றுமில்லை. எது சாகத் தக்க தலை என்று மானியே கணக்குப் போட்டுக்கொண்டது. "நல்லவேள, உன்னயச் சாகடிக்கல. நீ செத்திருந்தா ஆபீசுல போயி யாரு சண்ட போடறது" என்றார் அவர்.

வாரியத்துக்கு அப்போதே கூப்பிட்டேன். ஒரு பதிவுக் குரல் உருகி உருகி அனுதாபம் சொன்னது. துக்க வீட்டாரை மூன்று நாள் எந்த அலுவலுக்காகவும் தொந்தரவு செய்வதில்லை என்பது வாரியத்தின் கொள்கை, ஆகவே நான்காம் நாள் தொடர்புகொள்ளவும் என்றது. நான்தானே உன்னைத் தொந்தரவு செய்கிறேன் என்று கத்தினேன். குரல் மறுபடி முதலிலிருந்து அனுதாபம் சொன்னது.

அந்த மூன்று நாளில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். தப்பு என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கணக்கில்லாத மின்சாரம் வாசலில் வந்து நிற்கிறது. மானி முட்டாளானால் அதற்கு நானா பொறுப்பு? எட்டு வருடமாகப் போர்வை போட்டு மூடியிருந்த ஏசியைத் தட்டிப் போட்டேன். சித்திரை வெயிலில் சர்வேஷ் கம்பளி கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் அப்படி அசந்து தூங்கி நான் பார்த்ததில்லை. பத்து நாளுக்கு மாவு அரைத்தேன், வீட்டிலிருந்த திரைச்சீலையெல்லாம் துவைத்தேன், மிருதுளா வீட்டு மெத்தை உறையையும் வாங்கித் துவைத்துக் கொடுத்தேன். செத்ததும் ஒரு வகையில் நல்லதுதான் என்று சிரித்துக்கொண்டோம்.

நான்காம் நாள் ஐந்தே முக்காலுக்கு மானி செருமியது. "வணக்கம். இன்று உங்கள் வீட்டில் ஒரு தலை. பங்கு நான்கு யூனிட். ஆழ்ந்த அனுதாபங்கள்."

உயிர்காப்பு எட்டு யூனிட் காணாமல் போயிருந்தது. செத்தவருக்கு எதற்கு உயிர்காப்பு? மீதி நான்கு யூனிட்டில் விளக்கு, விசிறி எதுவும் போடாமலிருந்தால் காத்து மிசின் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். ஒரு நாளில் மீதி பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது.

வாரியத்தின் பல்லடம் அலுவலகத்தில் செம்பியன் என்று ஓர் அதிகாரி. முப்பது வயதிருக்கும். நாற்காலி போட்டு உட்கார வைத்தான், மோர் கொடுத்தான், நான் கத்தியதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டான். கத்துகிறவளுக்கு எதிரில் ஒருவன் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் போல எரிச்சல் வேறில்லை. போனில் சர்வேஷைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டினேன். செம்பியன் அவருக்கு வணக்கம் சொன்னான். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அவரு உயிரோட இருக்காருன்னு நா முழுசா நம்பறேனுங்கம்மா. ஆனா நா நம்பறதுக்கு இந்த ஆபீசுல எந்த எடமும் இல்லீங்."

மானி தப்பாகப் படிக்கலாம், அது சட்டத்திலேயே இருக்கிறது என்று அவன் விளக்கினான். அதற்காகத்தான் மூன்று நாள் அவகாசம். அந்த மூன்று நாளில் துக்க மின்சாரத்தைத் தொடாமலிருந்தால் நான்காம் நாள் சாவு தானாகவே ரத்தாகிவிடும். தொட்டால், வீட்டார் சாவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நாங்கள் எவ்வளவு தொட்டோம் என்று திரையில் பார்த்தான். நூற்றுப் பத்து யூனிட். ஏசி, கிரைண்டர், துவைப்பு பதினான்கு தடவை. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். எனக்குக் காது சூடாகியது. இதை மூன்று நாளைக்கு முன்னால் எந்த நாயாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். துக்க வீட்டாரைத் தொந்தரவு செய்வதில்லை என்றான்.

போர்டைக் கழற்றி வேறு போட்டால் என்று கேட்டேன். எதைப் போட்டாலும் செத்தவர் பேரில் உயிர்காப்பு ஏறாது. பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துக்கொள்கிறேன் என்றேன். வீடு விட்டு வீடு இழுத்தால் அந்நிய நடை என்று இரண்டு வீட்டு முறையும் ஒரு வாரம் நின்றுவிடும். மேல்முறையீடு செய்தால் மறு ஆய்வுக் குழு நேரில் வந்து பார்க்கும். வரிசையில் இப்போது பதினான்கு மாதம். அதுவரைக்கும் ஒரே ஒரு வழி என்று செம்பியன் குரலைத் தாழ்த்தினான். கிணற்றுப் பங்காளிகள் சாட்சி. எங்களைத் தவிர இருபத்திரண்டு வீடு. அதில் முக்கால்வாசி, அதாவது பதினேழு வீட்டுத் தலைவர்கள் வந்து அவரைக் கண்ணால் பார்த்துவிட்டு, அவரவர் மானியில் பெருவிரல் வைத்து உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். சாட்சி ஒரு மாதத்துக்குச் செல்லும். மாதா மாதம் புதுப்பிக்க வேண்டும்.

மனிதன் பொய் சொல்வான் என்று கதவில் எழுதிவைத்துவிட்டு, அந்த மனிதர்களிடமே என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எனக்கு இருபத்திரண்டு பூசாரிகள்.

பெரிய வேலையாக முதலில் தெரியவில்லை. எல்லோரும் தெரிந்தவர்கள், அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர்கள். மிருதுளா நான் வாயைத் திறக்கும் முன்னே விரல் வைத்துவிட்டாள். முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். சர்வேஷை முகம் கழுவித் தலை சீவி உட்கார வைத்தேன். வெள்ளைச் சட்டை எடுத்தார். வேண்டாம், நீலம் போடுங்கள் என்றேன். வந்தவர்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். சிலர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். பேசப் பேச மூச்சு வாங்கியது. பகலில் மிசினை நிறுத்திவைத்திருந்தோம். இரவுக்குச் சேமிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் ஆளிலிருந்து வேகம் குறைந்தது. அவரிடமிருந்து பிடுங்கிய பன்னிரண்டு யூனிட்டும் இருபத்திரண்டு வீட்டுக்கும் பிரிந்து போயிருந்தது. வீட்டுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அரை யூனிட் என்றால் இரவெல்லாம் கூடுதலாக ஒரு விசிறி. சித்திரையில் அது சின்ன விஷயம் இல்லை. யாரும் தர மாட்டேன் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். நாளைக்கு வருகிறேன் என்றார்கள். மகன் வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். மானி ஒன்று சொல்ல நாம் ஒன்று சொன்னால் பின்னால் வம்பு வருமா என்று ஒருவர் கவலைப்பட்டார். ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தை, பிறந்து இரண்டு மாதம். அந்தப் பெண் தொட்டிலுக்கு மேல் சுற்றுகிற விசிறியைக் காட்டினாள். ஒரு வாரத்துக்கு முன்புவரை அந்தக் குழந்தைகள் வேர்க்குருவோடு அழுவது எனக்கும் கேட்கும். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் வராததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு வாசலிலும் நான் நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஜன்னல் ஓரம் வாயைத் திறந்தபடி மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தார். நகம் நீலமாகியிருந்தது. எட்டு நாள் அலைந்தேன். மண்டபத்தில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி, என் புருஷன் உயிரோடு இருக்கிறார், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று வீடு வீடாகக் கூப்பிட்டேன். பதினாறு கைநாட்டு சேர்ந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

எஞ்சிய ஆறு வீட்டில் ஐந்து வீடும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டன. மிச்சம் எதிர்வீட்டு தர்ஷன். அவருக்கும் எனக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. சாக்கடைத் தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார் என்று நான் பேசியதை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, நன்றாகத்தான் பேசியிருந்தேன். அன்று அவர் வாசலில் போய் நின்றேன். அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். முடியும்வரை நிற்க வைத்தார். பிறகு எழுந்து என் வீட்டுக்கு வந்து, சர்வேஷை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிப் போய்த் தன் மானி முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நின்றார். வைக்கவில்லை.

"மாசாமாசம் வெக்கறேன் அம்மிணி. உன்ற வாய மட்டும் கொஞ்சம் அடக்கிக்கோணும். இந்த வீதில இனி உன்ற சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

சரிங்ணா என்றேன். விரலை வைத்தார்.

மறுநாள் காலை இரண்டு தலை என்று மானி சொன்னது. மிசின் நாள் முழுக்க ஓடியது. அவர் நகத்துக்கு மெல்லச் சிவப்பு திரும்பியது. நான் பூஜை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். வாயை அடக்குவது ஒரு விலையா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் எளிதாகத்தான் போனது. தர்ஷன் மட்டுமல்ல, பதினேழு பேரும் எனக்குச் சாட்சி, ஆகவே பதினேழு பேரோடும் பதவிசாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது வாரம்தான் உறைத்தது. ஒருவர் குப்பையை எங்கள் சுவரோரம் கொட்டினார். நான் அள்ளிப் போட்டேன். ஒருவர் வீட்டுப் பாட்டுப்பெட்டி சுவரைத் தட்டியது. நல்ல பாட்டு என்றேன். மிருதுளா கூட ஒரு நாள் என் முறையில் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. நான் சண்டைக்கு வருவேன் என்று எதிர்பார்த்தாள் என்றுகூட நினைக்கிறேன். பாதி அரைந்த மாவைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவள் மதில்மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரித்தேன். என் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி இருந்ததோ, அவள் இறங்கிப் போனாள்.

சர்வேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரம் இருப்பவருக்கு வீதியில் நடப்பது தெரியாமல் போகாது. என்னவோ வீடே காது அடைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். மிசின் சத்தம்தான் குறைந்திருக்கிறது, புது போர்டு என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாட்சியைப் புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மாலை. தர்ஷன் மகனுக்குப் புதிதாக வேன் வாங்கியிருந்தார்கள். அதைக் கொண்டுவந்து எங்கள் வாசலை அடைத்து நிறுத்தி, அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் படியின்மேலேயே சார்ஜ் வயரை இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்கள் வாசலில் எத்தனை இடம் கிடந்தது தெரியுமா? நான் கடைக்குப் போகப் பையோடு வந்தவள், வெளியே போக வழியில்லாமல் படியில் நின்றேன். தர்ஷன் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்வேன் என்று பார்க்கத்தான் அதை அங்கே நிறுத்தியிருக்கிறார் என்று எனக்கு உறுதி. என் சத்தம் கிளம்பி வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பரவால்லீங்ணா, நிக்கட்டும்" என்றேன்.

உள்ளே வந்து பையை வைத்தேன். சர்வேஷ் என்னைப் பார்த்தார்.

"போயி எடுக்கச் சொல்லு."

"நாளைக்குக் கைநாட்டு இருக்குதுங்க."

"எடுக்கச் சொல்லு நிவா."

"கிடக்கட்டும் விடுங்க. எனக்கொண்ணும் கஷ்டமில்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்து குழாயைக் கழற்றித் தலையணைமேல் வைத்தார். நான் ஓடிப் போய் மாட்டப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டார். கட்டிலைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். இருந்த மூச்சையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, மில்லில் பஞ்சு உதறும் எந்திரத்துக்கு மேலே எப்படிக் கூப்பிட்டிருப்பாரோ அப்படிக் கூப்பிட்டார்.

"டேய் தர்ஷா. என்ற பொண்டாட்டி வாசல்ல..."

அவ்வளவுதான் வந்தது. வீதி சட்டென்று அடங்கியது. எங்கோ ஒரு கதவு திறந்தது. மிருதுளா மாடிக்கு ஓடி வரும் சத்தம் கேட்டது. அவர் கம்பியிலேயே சாய்ந்து வழுக்கத் தொடங்கினார். நான் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் சாய்த்துக் குழாயை மாட்டினேன். உதடு கறுத்துவிட்டிருந்தது. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எட்டு நாள் வாசல் வாசலாக நின்று பொறுக்கிச் சேர்த்ததை ஒரே மூச்சில் ஊதித் தள்ளிவிட்டாரே மனிதர். நாளைக்குப் பதினாறுதான். பதினாறு இருந்தால் ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு தலை, மறுபடி பன்னிரண்டு மணி நேரம். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். என்னைவிட நன்றாக அவர் நெஞ்சுக்குத் தெரியும்.

மிசின் ஓடியது. ஐந்து நிமிடத்தில் முகத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். பேச முடியவில்லை. கையை உயர்த்தி வாசல் பக்கம் நீட்டினார், போ என்று. வேண்டாம் என்று தலையாட்டினேன். கையை இறக்கவே இல்லை. நீட்டியபடியே வைத்திருந்தார்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தேன். வீதியில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. தர்ஷன் நாற்காலியிலிருந்து எழுந்திருந்தார். வேனைச் சுற்றி, வயரைத் தாண்டி, வீதி நடுவில் போய் நின்றேன்.

அவர் பாதியில் விட்டதை நான் சொல்லி முடித்தேன்.